யூஎஸ்பி போர்ட்டை மாற்றித் தராமல் அலைக்கழிப்பது பற்றிய புகார்

அனுப்புநர்:
கார் உரிமையாளர், கோவில்பட்டி.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு மேலாளர்.

ஐயா,

நான் அனுப்பிய மெயில்களுக்கெல்லாம் "உங்கள் புகார் எங்களுக்கு முக்கியம்" என்ற ஒரே பதில்தான் வருகிறது. அதனால்தான் இதை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். எந்த மாடல், என்று வாங்கியது என்பதெல்லாம் இணைத்துள்ள ஆர்சி நகலில் இருக்கும் சேசிஸ் நம்பரைத் தட்டினால் உங்கள் கம்ப்யூட்டரிலேயே வரும். வாரண்டி இன்னும் முடியவில்லை.

டேஷ்போர்டில் உள்ள யூஎஸ்பி போர்ட்டில் கேபிளைச் செருகினால் சார்ஜ் ஏறுகிறது, ஆனால் போனில் உள்ள மேப்பை வண்டியின் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோ வருவதில்லை. தப்பித்தவறி வந்தாலும் ஒரு வேகத்தடை ஏறி இறங்கினால் போய்விடும். உள்ளே நாலு பின், ஓரத்து இரண்டும் கரண்டுக்கு, நடுவில் உள்ள இரண்டும் டேட்டாவுக்கு, நடுவில் உள்ளது சரியாகத் தொடவில்லை என்று எங்கள் ஊர் செல்போன் கடைப் பையன் பார்த்த உடனே சொல்லிவிட்டான். வண்டியைச் செய்த உங்களுக்கா தெரியாது?

உங்கள் சர்வீஸ் சென்டர் இருப்பது திருநெல்வேலியில். போக வர நூறு கிலோமீட்டருக்கு மேல், டோல் தனி. முதலில் கேபிள் சரியில்லை என்றார்கள். ஒரிஜினல் கேபிள் வாங்கினேன். பிறகு போன்தான் கோளாறு என்றார்கள். மகனுடைய போனையும் மாட்டிக் காட்டினேன். அடுத்து சாஃப்ட்வேர் அப்டேட் என்று சாயங்காலம் வரை வண்டியை வைத்திருந்து வாட்டர் வாஷ் செய்து கொடுத்தார்கள். யூஎஸ்பி புகாருக்கு வாட்டர் வாஷ்!

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டேன். "பார்ட் வந்துடுச்சு, வாங்க சார்" என்று அவர்களே கூப்பிட்டார்கள். கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். பெட்டியைப் பிரித்தால் டைப்-சி போர்ட். என் வண்டியில் இருப்பது அகலமான டைப்-ஏ. நான் கேட்டதற்கு அந்த சர்வீஸ் அட்வைசர் கையிலிருந்த போனை விட்டுத் தலையை நிமிர்த்தாமல் சொன்னது: "சார்ஜ் ஏறுதுல்ல, அப்புறம் என்ன சார்? மேப் வேணும்னா ஸ்டாண்ட் வாங்கி மாட்டிக்கோங்க. இதுக்குப் போய் இவ்ளோ தூரம் வரணுமா?" வரச் சொன்னதே அவர்தான்! பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். விற்கிற அன்றைக்கு இதே ஆண்ட்ராய்டு ஆட்டோவைக் காட்டித்தானே அடுத்த வேரியண்டை என் தலையில் கட்டினீர்கள்? அன்றைக்கு ஸ்டாண்ட் வாங்கச் சொல்ல வேண்டியதுதானே?

சொல்ல விட்டுப்போனது ஒன்று. அதற்கு முந்தைய தடவையே ஜாப் கார்டில் "பிசிக்கல் டேமேஜ்" என்று எழுதி, போர்ட் தனியாக வராது, மொத்த அசெம்ப்ளியையும் காசு கொடுத்துத்தான் மாற்ற வேண்டும் என்றார்கள். அப்படியானால் பிறகு எதற்குப் பார்ட் வரவழைத்தார்கள்? அதுவும் வேறு வண்டியின் பார்ட்? மறுநாளே ஒரு பெண் போனில், "10க்கு 10 மார்க் போடுங்க சார், இல்லைன்னா எங்க இன்சென்டிவ் போயிடும்" என்கிறார்.

நான் கடலைமிட்டாய் மொத்த வியாபாரம் செய்பவன். மதுரைக்குள் மேப் பாதியில் அணைந்து, தெருத் தெருவாகச் சுற்றி, போய்ச் சேர்வதற்குள் அந்தக் கடைக்காரர் வேறு ஆளிடம் சரக்கு எடுத்துவிட்டார். அவருடைய வருஷத்து ஆர்டர் முழுவதும் போனதாகத்தான் அர்த்தம். தீபாவளியையும் சேர்த்தால் ஐந்து லட்சத்துக்குக் குறையாது. மன உளைச்சலுக்கு இன்னும் கணக்குப் போடவில்லை.

இன்ஜினைப் பற்றியோ மைலேஜைப் பற்றியோ எனக்கு ஒரு குறையும் இல்லை. என் மைத்துனரும் நான் சொல்லித்தான் உங்கள் வண்டியை வாங்கினார். ஆகவே தயவுசெய்து சரியான போர்ட்டை, பின்னால் போகும் வயரையும் சோதித்து, கட்டணமில்லாமல் மாற்றிக் கொடுங்கள். "பிசிக்கல் டேமேஜ்" என்று எழுதியதை ரத்து செய்து எழுத்தில் தாருங்கள். பார்ட்டோடு ஆள் கோவில்பட்டிக்கு வரட்டும், இனி நான் வருவதாக இல்லை.

15 நாளுக்குள் பதில் இல்லையென்றால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அடுத்து நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பதை விசாரித்துவிட்டேன். தூத்துக்குடிக்கு உங்கள் ஆட்கள்தான் அலைய வேண்டியிருக்கும். அந்த நிலைக்குக் கொண்டுபோக மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்.

இணைப்பு: ஆர்சி நகல், ஜாப் கார்டு நகல்கள், கேபிள் வாங்கிய பில், டோல் ரசீதுகள்.

பி.கு.: பதில் சொல்ல அந்த சர்வீஸ் அட்வைசரை விட்டு எனக்குப் போன் செய்ய வைக்காதீர்கள்.