ஒன்றாம் வகுப்புச் சீருடைக்குக் கொக்கி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரைப் புதுமண்டபத்தில் இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறி வந்த தையல்காரர்களில் நானும் ஒருவன். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷம், கருப்பசாமி வேஷம் கட்டுகிறவர்களுக்கு உடுப்புத் தைத்துக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தால், பள்ளிச் சீருடைத் துணியோடு ஆள் வந்து நிற்கும். மே மாதம் முழுக்க அந்த வேலைதான். முதல் தடவையாகப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளை அம்மாவோ அப்பத்தாவோ கூட்டி வருவார்கள். அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் இந்தக் கடிதம்.

அளவெடுக்கும்போதே பெருமை ஆரம்பித்துவிடும். "ஏபிசிடி பூராச் சொல்லுவான், நூறு வரைக்கும் எண்ணுவான்ணே." நல்லதுதான், எண்ணட்டும். நான் கடையில் இடுப்புப் பட்டையில் கொக்கி வைத்துத் தைத்திருக்கும் ஒரு டவுசரை மாட்டிவிட்டு, "இதை நீயே கழட்டு பார்ப்போம்" என்பேன். வயிற்றை எக்கிக்கொண்டு, பட்டையின் இரண்டு முனையையும் ஒன்றின் மேல் ஒன்றாக நெருக்கிப் பிடித்தால்தான் கொக்கி விடும். ஐந்து வயது விரலுக்கு அந்த வலு ஏது? பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பார்க்கும். அதற்குள் அம்மா கை குறுக்கே வந்துவிடும், "விடு, நான் கழட்டுறேன்" என்று. பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்குள் அம்மா வர முடியாதே.

ஒண்ணுக்கு வந்தால் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். முடியாமல் டவுசரிலேயே போய்விட்டால் பக்கத்தில் இருப்பதெல்லாம் சிரிக்கும். மறுநாள் காலையில் வயிற்றுவலி. தண்ணீர் குடித்தால்தானே இந்த வம்பு என்று சில பிள்ளைகள் குடிப்பதையே நிறுத்திவிடும். நம் ஊர் ஜூன் வெயிலில் பாட்டில் கொண்டுபோனபடியே நிறைந்து திரும்பும். சீருடையைப் பிடித்துத் தைக்க வருகிற அம்மாக்கள், "படிப்பே பிடிக்கலை போல" என்று சலித்துக்கொள்வார்கள். படிப்பு என்ன பாவம் பண்ணியது?

பெண் பிள்ளைகளுக்குப் பினோபார் என்றால் பரவாயில்லை, தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். இப்போது வெளியே பாவாடை, உள்ளே டவுசர் என்று சேர்த்துத் தைக்கிற மாடல் வந்திருக்கிறது. அதற்கு ஜிப் முதுகுப்பக்கம்! எங்களுக்கு வந்த ஒரு தனியார் பள்ளி மாதிரியில் அதற்கு மேல் பெல்ட் வேறு. இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தரட்டுமா என்று கேட்டனுப்பினேன். பார்க்க நீட்டாக இருக்காது என்று பதில் வந்தது.

ஏன் இருக்காது? முன்பட்டையைத் தட்டையாக விட்டுப் பின்பக்கம் மட்டும் எலாஸ்டிக் கொடுத்தால் வித்தியாசமே தெரியாது. முன்னால் அழகுக்கு ஒரு பட்டன் வைத்துக்கொள்ளலாம், அதை மாட்டுகிற துளையான காஜா வேண்டாம். "வளர்ற பிள்ளை, ரெண்டு இஞ்ச் கூட வச்சுத் தைங்க" என்கிறவர்களுக்கும் இது தோது. இப்போது அந்த இரண்டு இஞ்சால்தான் பாதிப் பிள்ளைகள் ஒரு கையில் பையையும் இன்னொரு கையில் டவுசரையும் பிடித்துக்கொண்டு போகின்றன. சத்துணவுத் திட்டத்தில் இருக்கும் 1 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அரசு 4 செட் சீருடை கொடுக்கிறது. அதிலும் முதல் இரண்டு வகுப்புக்காவது இப்படித் தைக்கச் சொன்னால் புண்ணியமாகப் போகும். தனியார் பள்ளிக்காரர்கள் மாதிரித் துணி அனுப்பும்போதே இதைச் சொல்லிவிடலாம்.

பெற்றோருக்கும் கொஞ்சம் வேலை இருக்கிறது. சீருடையைப் பள்ளி திறக்கிற அன்று புதுசாகப் போட்டுவிடாதீர்கள். முன்னாடியே வாங்கி நாலைந்து தடவை துவைத்துப் போடுங்கள், விறைப்பு போய் சட்டைக் காஜா இளகும். வீட்டில் பிள்ளையே கழற்றி மாட்டட்டும், நேரமானாலும் கை வைக்காதீர்கள். ஊட்டிவிடுவதையும் இப்போதே நிறுத்துங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் சிம்மக்கல் ஆதிமூலம் பள்ளியில்தான் தொடங்கியது. இன்று அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் காலையிலேயே தட்டோடு உட்காருகிறார்கள். பொங்கலையும் உப்புமாவையும் தானே அள்ளிச் சாப்பிடத் தெரியாத பிள்ளை அங்கே மலங்க மலங்க முழிக்கும்.

கடையில் இன்னொரு புலம்பலும் கேட்கிறது. பிறப்புச் சான்றிதழ் இருக்கும், அதில் பிள்ளை பேர் இருக்காது. பதறவேண்டாம். 15 வருடம் வரைக்கும் பேர் சேர்க்கலாம், ஒரு வருடம் தாண்டினால் தாமதக் கட்டணம், அவ்வளவுதான். வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் இதையெல்லாம் ஜூன் முதல் வாரத்துக்குத் தள்ளிப் போட்டால் அலைச்சல் உங்களுக்குத்தான்.

கொக்கி வைத்த சீருடையை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பக்கத்தில் இருக்கிற எந்தத் தையல் கடையிலும் கொடுக்கலாம். பட்டையைப் பிரித்து எலாஸ்டிக் கோக்கப் பெரிதாக நேரம் ஆகாது. மே கடைசி வாரத்தில் மட்டும் கொண்டு வராதீர்கள், அப்போது எங்களுக்குச் சாப்பிடவே நேரம் இருக்காது.

இப்படிக்கு,
ஒரு தையல்காரர்,
குன்னத்தூர் சத்திரம், மதுரை.