பொருள்: கடல் மீன் தொட்டிச் சில்லர் தொடர் பழுது, பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா,

வணக்கம். தண்ணீரைக் குளிர்விக்கும் உங்கள் கால் எச்.பி. சில்லர் மெஷினை என் 300 லிட்டர் கடல் மீன் தொட்டிக்காகப் பிப்ரவரியில் வாங்கினேன். ஏப்ரலிலிருந்து வெப்பம் அளக்கும் சென்சாரில் ஒரே கோளாறு. உங்கள் மெஷின், உங்களுக்கே தெரிந்திருக்கும்: திரையில் 25 டிகிரி என்று நிற்கும், கம்ப்ரசர் ஓடாது, தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டால் 31.

நான்கு முறை போன் செய்தேன். நான்கு புகார் எண்கள் வந்தன. கடைசியில் "நீங்களே கொண்டு வாங்க" என்றார்கள். போன சனிக்கிழமை தாம்பரத்திலிருந்து அம்பத்தூருக்கு ஆட்டோவில், சில்லரை மடியில் வைத்துக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சனிக்கிழமை டெக்னீஷியன் கிடையாது" என்றார். இதைப் போனிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? மீன்கள் மூச்சு வாங்குகின்றன என்று கெஞ்சினேன். "மீன்தானே சார், கொளத்தூர் போனா ஜோடி ஜோடியா கிடைக்கும்" என்றார்.

அவர் சொன்ன அந்த ஜோடி, நான் மூன்று வருடம் வளர்த்த கோமாளி மீன்கள். பாறையில் முட்டை வைத்திருந்தன. ஆரஞ்சு நிற முட்டைகளுக்குள் வெள்ளிப் புள்ளியாகக் கண்கள் தெரியத் தொடங்கியிருந்தன, இரண்டு நாளில் பொரித்திருக்கும். தண்ணீர் சூடேறினால் அதில் ஆக்சிஜன் குறையும், மீனுக்கோ அப்போதுதான் அதிகம் தேவை. சில்லர் விற்கும் உங்களுக்கு இது தெரியாதா? மாலை திரும்பி வந்தபோது பெரியது, அதாவது பெண் மீன், அடியில் கிடந்தது. ஆண் மீன் அப்போதும் முட்டைகளுக்குத் துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தது. மறுநாள் முட்டைகளும் வெளுத்துவிட்டன. தொட்டியில் இருந்த கடல் சாமந்தி என்ற உயிரினமும் தன் உடம்பிலிருந்த பாசியைத் துப்பிவிட்டு வெள்ளைத் துணியாகத் துவண்டு கிடக்கிறது.

கோமாளி மீன்களில் பெண் செத்துப்போனால் ஆணே பெண்ணாக மாறும்; இனி அந்த ஆண் மீனும் அப்படி மாற வேண்டும். சின்ன மீன் ஒன்றைத் துணை சேர்த்து, அது ஆணாக வளர்ந்து, மறுபடி முட்டையிட எத்தனை மாதமோ! என் உழைப்பு மொத்தமும் ஒரே நாளில் போய்விட்டது. ஒரு லட்சம் கொடுத்தாலும் ஈடாகாது.

இன்னொன்று, ஏப்ரலில் வீட்டுக்கு வந்த உங்கள் ஆள் ஃபில்டரை மட்டும் துடைத்துவிட்டு, "சரியாயிடுச்சு" என்று கையெழுத்து வாங்கிப் போனார். அன்றிரவே நின்றுவிட்டது. அந்தச் சீட்டும் பில்லும் என்னிடம் இருக்கின்றன.

உங்கள் நிறுவனத்தோடு சண்டை போடுவது என் நோக்கமல்ல. தயவுசெய்து ஏழு நாளுக்குள் சில்லரை எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் போகும், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில்தான் பேச வேண்டியிருக்கும். கவுண்டரில் பேசியவரும் அங்கே வந்து அதே பதிலைச் சொல்லட்டும்.

மிச்சமிருக்கும் அந்த ஒரு மீனுக்காக இரண்டு மணிக்கொரு முறை ஐஸ் பாட்டில் மாற்றிக்கொண்டிருக்கிறேன், ராத்திரியிலும்தான். சீக்கிரம் ஆள் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்