ஓடாத லொறியும் எங்கள் முதல் எபிசோடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையில் சினிமா விமர்சனம் வாராவாரம் வருகிறது, வீடியோ கேம் என்றால் மட்டும் 'பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள்' என்ற செய்தியோடு சரி. கல்லடியில் நாங்கள் சில பேர் சேர்ந்து கேம்களைப் பகிடி பண்ணி விமர்சிக்கும் யூடியூப் நிகழ்ச்சி ஒன்று தொடங்கப் போகிறோம், முதல் எபிசோடுக்கு எந்தக் கேம் என்பதில்தான் இப்போது எங்களுக்குள் சண்டை.

கூட்டாளிமார் ஃப்ரீ ஃபயர் என்கிறார்கள். எல்லாரும் விளையாடுவது, வியூஸ் வரும், அது உண்மைதான். ஆனால் விளையாடாதவருக்கு அந்தப் பகிடி ஒன்றும் விளங்காது, விளையாடுகிறவரோ கொமெண்டில் அடிக்க வந்துவிடுவார்.

நான் கேட்பது 2003இல் வந்த 'பிக் ரிக்ஸ்: ஓவர் த ரோட் ரேசிங்'. கேம் விமர்சன இணையத்தளமான கேம்ஸ்பாட் 10க்கு 1 புள்ளி போட்ட லொறிப் பந்தயம். பெட்டியில் பொலிஸ் துரத்தும் என்று அளந்திருக்கிறார்கள், உள்ளே மருந்துக்கும் ஒரு பொலிஸ் இல்லை. வீடு, மரம் எதில் மோதினாலும் ஒரு கீறல் விழாது, லொறி அதற்குள்ளால் புகுந்து போகும். ரிவர்ஸில் விட்டால் வேகம் ஏறிக்கொண்டே போகும், விரலை எடுத்தவுடன் அப்படியே நிற்கும். பாலத்தில் ஏறினால் பாலம் தாங்காது, அதற்குள்ளால் கீழே இறங்கிவிடும். 2013இல் புதுப்பாலம் திறக்கும்வரை பழைய கல்லடிப் பாலத்தில் அந்தப் பக்கத்து வாகனமெல்லாம் வந்து முடியட்டும் என்று காத்துக் கிடந்த சனத்துக்கு இதைவிடப் பகிடி வேறென்ன வேண்டும்?

இன்னொன்று, எதிராளி லொறி தொடங்கிய இடத்தை விட்டு அசையவே அசையாது. யாரோ விளையாடிய வீடியோவை அம்மம்மாவுக்குப் போனில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏன் மனே, அவனுக்கு டீசல் கிடைக்கல்லையா?" என்றார். 2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் கோட்டோடு வரிசையில் நின்றவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. எபிசோடின் முதல் வசனம் அதுதான் என்று எழுதி வைத்துவிட்டேன், மற்றவர்களுக்கு இன்னும் சொல்லவில்லை.

எப்படிப் பேசுவது என்பதிலும் இழுபறிதான். மைக்கைப் பிடித்துக் கத்தினால்தான் கொமெடி என்று ஒருவர் நிற்கிறார். கேமே இவ்வளவு கூத்துக் காட்டும்போது பேசுகிறவர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, செய்தி வாசிப்பதுபோல, எங்கட பேச்சிலேயே சொன்னால்தான் சிரிப்பு வரும் என்பது என் கட்சி.

ஐயா, உங்களிடம் கேட்பது இதுதான். இளைஞர் பக்கத்தில் கேம் விமர்சனத்துக்கு அரைப் பத்தி ஒதுக்குங்கள், காசு வேண்டாம். அப்புறம், அடுத்தவர் விளையாடியதை எடுத்துப் போட்டு விமர்சனம் என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை, நாங்களே விளையாடிப் பதிவு செய்ய வேண்டும். மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் யாரிடமாவது சீடி ட்ரைவ் வேலை செய்கிற பழைய கொம்பியூட்டர் சும்மா கிடந்தால் உங்கள் அலுவலகத்துக்கு அறிவிக்கச் சொல்லுங்கள், நாங்களே வந்து தூக்கிக்கொள்கிறோம்.

கல்லடி வாசகன்,
மட்டக்களப்பு