மண்டலக் கவுன்சில் ஆலோசனையும் சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வக்கீல்கள் சங்கத் தேர்தல் என்றால் பத்திரிகையில் செய்தி வந்துவிடும். ஆடிட்டர்கள் தேர்தல் எப்போது நடந்தது, யார் ஜெயித்தார்கள் என்பதெல்லாம் எங்கள் ஆபீஸ்களைத் தாண்டினால் யாருக்கும் தெரியாது. அதில் எங்களுக்கு வருத்தம் ஒன்றுமில்லை. ஆனால் கம்பெனிக் கணக்கில் கையெழுத்துப் போடுகிறவர்களின் அமைப்பு எப்படி நடக்கிறது என்பது, பங்கு வாங்கியவர்களுக்கும் டெபாசிட் போட்டவர்களுக்கும் சம்பந்தப்பட்ட விஷயம். அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் அமைப்பான ஐசிஏஐ (இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம்) 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. டெல்லியில் மத்தியக் கவுன்சில் இருக்கிறது. அதில் உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பவர்கள் அதிகபட்சம் 32 பேர், மத்திய அரசு நியமிப்பவர்கள் அதிகபட்சம் 8 பேர். அதற்குக் கீழே சென்னை, மும்பை, கொல்கத்தா, கான்பூர், டெல்லி என்று ஐந்து மண்டலக் கவுன்சில்கள். இவை எதற்கு என்று அந்தச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு சொல்லியிருக்கிறது: மத்தியக் கவுன்சிலுக்கு ஆலோசனை சொல்ல, உதவி செய்ய. இரண்டில் உதவிதான் இன்று கண்ணில் படுகிறது. கருத்தரங்கு நடத்துகிறார்கள், மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கிறார்கள், தொழில் செய்யும் உறுப்பினர்கள் மூன்றாண்டுக்கு 120 மணி நேரம் முடிக்க வேண்டிய தொடர்கல்விக்கு வழி செய்கிறார்கள். நான் இதைக் குறைத்துச் சொல்லவில்லை. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்த வகுப்புகள் இல்லாமல் இருந்திருந்தால் சிறிய ஊர் ஆடிட்டர்கள் பாடு திண்டாட்டம்தான். (பொன்னாடைக்கு ஒதுக்குகிற நேரத்தைக் கொஞ்சம் குறைத்தால் இன்னும் நல்லது.) ஆனால் ஆலோசனை என்ன ஆனது?

எஸ்ஏ 600 என்பது ஓர் ஆடிட்டர் மற்றொரு ஆடிட்டரின் வேலையை நம்புவது பற்றிய தணிக்கைத் தரநிலை. 2024-இல் அதை ஒட்டி நடந்த விவகாரத்தைப் பாருங்கள். ஒரு பெரிய குழுமத்தின் கணக்கைத் தணிக்கை செய்யும் ஆடிட்டர், அதன் துணை நிறுவனங்களை வேறு ஆடிட்டர்கள் தணிக்கை செய்திருந்தால், அவர்கள் வேலையை நம்பித் தன் அறிக்கையைக் கொடுக்கலாம். அவரவர் வேலைக்கு அவரவர் பொறுப்பு. நடைமுறை இப்படித்தான் இருந்தது. குழும ஆடிட்டரே முழுவதற்கும் பொறுப்பு என்று இதை மாற்ற வேண்டும் என்றது தணிக்கையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான என்எஃப்ஆர்ஏ (தேசிய நிதி அறிக்கையிடல் ஆணையம்). அப்படி வந்தால் பெரிய தணிக்கை நிறுவனங்கள் துணை நிறுவனத் தணிக்கையையும் தாங்களே வைத்துக்கொள்ளும், சிறிய ஆடிட்டர்கள் வேலை இழப்பார்கள் என்று ஐசிஏஐ எதிர்த்தது. என்னைக் கேட்டால் இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. முதலீட்டாளர் பக்கம் நின்று பார்த்தால், தப்பு நடந்த பிறகு ‘அது அவர் பார்த்த கணக்கு’ என்று கைகாட்டிவிட்டுப் போவது சரியில்லை. ஆனால் சிறிய ஆடிட்டர்கள் பேரைச் சொல்லி நடந்த அந்தச் சண்டையில், திருப்பூரிலும் தூத்துக்குடியிலும் துணை நிறுவனத் தணிக்கை செய்கிறவர்கள் என்ன நினைத்தார்கள்? தென்மண்டலம் அவர்களிடம் கேட்டு டெல்லிக்கு என்ன எழுதியது, டெல்லி என்ன பதில் சொன்னது? சாதாரண உறுப்பினர் ஒருவர் எடுத்துப் படித்துப் பார்க்கும்படி ஒரு காகிதமாவது இருக்க வேண்டாமா? தரநிலையின் வரைவு வெளியாகும்போது கருத்துக் கேட்கிறார்கள், உண்மை. ஆனால் தனி ஆள் அனுப்பும் மின்னஞ்சலும் ஒரு மண்டலம் கூடிப் பேசி எடுத்த முடிவும் ஒன்றாகுமா?

இந்த நிலைக்கு ஆட்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அமைப்பே அப்படி. மண்டலத் தலைவர், செயலாளர் பதவிகள் ஒவ்வொரு பிப்ரவரியிலும் கைமாறுகின்றன. 2022 சட்டத் திருத்தத்தால் கவுன்சிலின் பதவிக்காலம் மூன்றிலிருந்து நான்காண்டாகியும் இந்தச் சுற்று மாறவில்லை. ஒரு வருடத்தில் ஒருவரால் விழா நடத்த முடியும், ஒரு கோரிக்கையைப் பின்தொடர்ந்து முடித்து வைக்க முடியாது. அப்புறம், மண்டலத்திலிருந்து மத்தியக் கவுன்சிலுக்குப் போனவர்கள் பதவிவழியில் மண்டலக் கவுன்சிலிலும் உட்காருகிறார்கள். ஆலோசனை கேட்க வேண்டியவரே ஆலோசனை சொல்லும் மேசையிலும் இருக்கிறார். அடுத்த தேர்தலில் டெல்லிக்குப் போக நினைக்கும் இளையவர் அவர் முன்னால் எவ்வளவு தூரம் மறுத்துப் பேசுவார்?

தொகுதி இன்னொரு சிக்கல். தென்மண்டலம் என்றால் தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, லட்சத்தீவு எல்லாம் சேர்ந்து ஒரே தொகுதி. 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடும் முறை. சிதறிக் கிடக்கும் சிறிய ஊர் ஓட்டுகளும் ஒன்று சேர அதில் இடமுண்டு என்பார்கள். ஏட்டளவில் சரி. ஆனால் சிவகாசிக்காரர் விஜயவாடாவில் அறிமுகமாக வேண்டுமே! சென்னை, பெங்களூரு, ஐதராபாத் ஆட்களுக்கு உள்ளூர் ஓட்டே பெரும் பலம். விருந்தும் பரிசும் கூடாது என்று விதி இருக்கிறது, நல்ல விதி. பயணச் செலவை எந்த விதியாலும் குறைக்க முடியாது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மண்டலக் கவுன்சில் தீர்மானமாக அனுப்பும் எந்த ஆலோசனைக்கும் மத்தியக் கவுன்சில் 90 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். ஏற்றாலும் தள்ளினாலும் காரணத்தோடு. தீர்மானமும் பதிலும் இணையதளத்தில் வர வேண்டும். ஆலோசனைத் தீர்மானங்களில் மத்தியக் கவுன்சில் உறுப்பினர்களுக்கு ஓட்டு வேண்டாம். வந்து விளக்கம் தரட்டும், கேட்டுக்கொள்ளட்டும். மண்டலக் கவுன்சில் இடங்களில் ஒரு பகுதியை ஐசிஏஐயின் ஊர்க் கிளைகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். உதாரணமாக மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி, சிவகாசி கிளைகள் சேர்ந்து ஒருவரை அனுப்பலாம். தனியாகத் தொழில் செய்யாமல் கம்பெனிகளில் வேலை பார்க்கும் உறுப்பினர்களுக்கும் ஓரிடம் உறுதியாக இருப்பது நியாயம்.

ஊர்வாரியாகப் பிரித்தால் ஊர்ப்பற்றும் சாதியும் உள்ளே வந்துவிடும் என்று மூத்தவர்கள் சிலர் பயப்படுகிறார்கள். இப்போது மட்டும் அதெல்லாம் வாசலிலேயே நின்றுவிடுகிறதா என்ன? குறைந்தபட்சம், ஜெயித்தவரை நாலு கிளைக்காரர்கள் நேரில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம்.

இதற்கெல்லாம் நாடாளுமன்றம் வரை போக வேண்டியதில்லை. மண்டலக் கவுன்சில்கள் எப்படி அமைய வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்பதைச் சட்டம் ஒழுங்குமுறை விதிகளுக்கு விட்டிருக்கிறது. அந்த விதிகளை மத்தியக் கவுன்சிலே திருத்தி, மக்கள் கருத்துக்கு வெளியிட்டு, அரசின் ஒப்புதல் வாங்கினால் போதும். தென்மண்டலக் கவுன்சில் தன் அடுத்த கூட்டத்தில் இதையே ஆலோசனைத் தீர்மானமாகப் போட்டு டெல்லிக்கு அனுப்பலாம்.

இப்படிக்கு,
ஓர் ஆடிட்டர்,
சிவகாசி.