நேர்கோட்டைப் பார்த்து மயங்காதே, மாப்ள

மண்டபம்

மாப்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? மற்ற விசேஷமெல்லாம் உன் தங்கச்சி போனிலேயே ஒப்பித்துவிட்டாள். அதனால் நேரே நீ அனுப்பிய கிராஃபுக்கு வருகிறேன்.

உன் ஒய்.பி.சி.ஓ. (இட்ரியம்–பேரியம்–செம்பு ஆக்சைடு; குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் மீக்கடத்தி) வில்லையின் மின்தடை 92 கெல்வினில் பொத்தென்று விழுகிறது. அதற்கு மேல் 300 வரை அடிஸ்கேல் வைத்து இழுத்தது மாதிரி கோடு. கால்நடை மருந்தகத்தில் சினை ஊசிக்கென்று வைத்திருக்கும் திரவ நைட்ரஜனில் கொஞ்சம் கேட்டு வாங்கி, தொண்டியில் உட்கார்ந்து இதை எடுத்திருக்கிறாய். கெட்டிக்காரன்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பையன்களை விட்டு அதன் தலையில் ‘குவாண்டம் மாறுநிலைப் புள்ளிக்குச் சான்று’ என்று போஸ்டர் எழுத வைத்திருக்கிறாயே, அது அடுக்குமா? அந்தப் புள்ளி என்பது பூஜ்ய கெல்வினில், கலவையை மாற்றும்போது பொருள் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடம். அதன் பக்கத்தில் மின்தடை நேர்கோடாகும் என்பார்கள், நீ அதைத் திருப்பிப் போட்டுவிட்டாய்.

ஒரு வேலை செய். அதே ஹோல்டரில், அதே வயரில், மெல்லிய செம்புக் கம்பிச் சுருள் ஒன்றை மாட்டி அளந்து பார். 100 கெல்வினுக்கு மேல் அதுவும் ஏறக்குறைய நேர்கோடுதான். அந்தக் கோட்டைக் கீழே நீட்டினால் மைனஸ் 234.5 டிகிரி செல்சியஸில், அதாவது 38 கெல்வின் சுமாருக்கு, பூஜ்யத்தைத் தொடும். மோட்டார் காயில் கட்டுகிறவர்கள் சூடு கணக்குப் போடும் அதே 234.5. செம்பில் குவாண்டம் மாறுநிலை ஏதும் இல்லை. அணுக்களின் அதிர்வு எலக்ட்ரானைச் சிதறடிக்கிறது, வெப்பம் ஏற ஏற அதுவும் நேர்விகிதத்தில் ஏறுகிறது, அவ்வளவுதான். ஆக 92-லிருந்து 300 வரைக்கும் கோடு நேராக இருப்பது தனியாக எதற்கும் சாட்சி இல்லை.

அதிசயம் இருப்பது கோட்டின் இரண்டு நுனியிலும். உன் நைட்ரஜன் அங்கே எட்டாது. மேல் நுனியை 1987-லேயே பெல் ஆய்வகத்தில் குர்விச்சும் ஃபியோரியும் பார்த்துவிட்டார்கள். லாந்தனம்–ஸ்ட்ரான்ஷியம்–செம்பு ஆக்சைடு வகையில் 1100 கெல்வின் வரை கோடு ஏறிக்கொண்டே போனது. எலக்ட்ரான் இரண்டு மோதலுக்கு நடுவே ஓடும் தூரம் அணு இடைவெளி அளவுக்குச் சுருங்கினால் மின்தடை அங்கேயே தேங்கி நிற்க வேண்டும். நிற்கவில்லை. கீழ் நுனியில், சாதாரண உலோகமானால் அதிர்வு அடங்கியதும் கோடு வளைந்து, எலக்ட்ரான்களுக்குள் நடக்கும் மோதலால் வெப்பநிலையின் இருமடிக்குப் போக வேண்டும். நியோடிமியம் சேர்த்த லாந்தனம் வகையில், ஸ்ட்ரான்ஷியம் பங்கு 0.24-இல், பெரிய காந்தப்புலம் போட்டு மீக்கடத்தலை அமுக்கிப் பார்த்தார்கள் (2009, டாவு, டைல்ஃபர் குழு). 1 கெல்வின் பக்கம் வரை வளையவே இல்லை. அதிர்வெல்லாம் உறைந்துபோன இடத்தில் யார் சிதறடிக்கிறார்கள்? மோதல் நேரத்தைக் கணக்குப் போட்டால் சுருக்கிய பிளாங்க் மாறிலியை (பிளாங்க் மாறிலியை 2π-ஆல் வகுத்தது) போல்ட்ஸ்மன் மாறிலியாலும் வெப்பநிலையாலும் வகுத்தால் வரும் அளவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. 300 கெல்வினில் சுமார் 25 ஃபெம்டோ நொடி. பொருளின் சொந்தக் குணம் எதுவும் அந்தக் கணக்குக்குள் இல்லை என்பதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

அப்படியும் வழக்கு முடியவில்லை. குவாண்டம் மாறுநிலைப் புள்ளி ஒன்றே ஒன்று என்றால், அந்த ஒரு டோப்பிங்கில் (ஸ்ட்ரான்ஷியம் மாதிரி கலப்புப் பொருளின் அளவில்) மட்டும்தான் கோடு பூஜ்யம் வரை நேராக இறங்க வேண்டும். அதே 2009-இல் ஹஸி குழு அகலமான டோப்பிங் பரப்பு முழுக்க அந்த நேர்விகிதப் பங்கு ஒட்டிக்கொண்டே இருப்பதைக் காட்டியது. பெரிய காந்தம் வைத்திருக்கிறவர்களே அடித்துக்கொள்ளும் இடத்தில் நம்ம போஸ்டர் தீர்ப்பு எழுதலாமா?

உன்னால் முடிந்த, உருப்படியான சோதனை ஒன்று இருக்கிறது. பாதி வில்லைகளில் ஆக்சிஜனைக் குறை. உயர்ந்த வெப்பத்திலிருந்து மெதுவாக ஆறவிடாமல் சட்டென்று குளிர்வித்தால் குறையும். ஒரு மூலக்கூறு வாய்பாட்டுக்கு ஆக்சிஜன் 6.6 சுமாருக்கு வந்தால், மீக்கடத்தல் தொடங்கும் மாறுநிலை வெப்பநிலை 60 கெல்வினுக்கு இறங்கிவிடும், உன் நைட்ரஜனில் மீக்கடத்தல் தெரியாது. பரவாயில்லை. சூடோகேப் (மீக்கடத்தலுக்கு முன்பே எலக்ட்ரான் நிலைகளில் விழும் அரைகுறை இடைவெளி) திறக்கும் இடத்தில் கோடு கீழ்நோக்கி வளையும், உனக்கு வேண்டியது அதுதான். கண்ணால் பார்த்து முடிவு பண்ணாதே. 250 கெல்வினுக்கு மேல் பொருத்திய கோட்டை மொத்தத்திலிருந்து கழித்து, மிச்சத்தைத் தனியாக வரை.

அந்த வளைவு தெரிய அளவீடு சுத்தமாக இருக்க வேண்டும். உன் பட்டை 3 மி.மீ. அகலம், 1.5 மி.மீ. கனம், வோல்டேஜ் முனைகள் 5 மி.மீ. இடைவெளி. மின்தடை எண் 1 மில்லி ஓம்-செ.மீ. என்று வைத்தால் மின்தடை 11 மில்லி ஓம். 10 மில்லி ஆம்பியரில் 110 மைக்ரோவோல்ட். ஒரு சதவீத வளைவு என்றால் ஒரு மைக்ரோவோல்ட். சால்டர் முனைகளின் வெப்பநிலை வேறுபாடே அதைவிடக் கூடுதல் வோல்டேஜ் தந்துவிடும். ஒவ்வொரு புள்ளியிலும் மின்னோட்டத்தைத் திருப்பி இரண்டு தடவை எடு, கழித்துப் பாதியாக்கு. குளிரும்போதும் சூடேறும்போதும் கோடு ஒன்றின்மேல் ஒன்று உட்காரவில்லையென்றால் உன் பிளாட்டினம் தெர்மாமீட்டர் வில்லைக்குப் பின்தங்குகிறது. இரண்டையும் ஒரே செம்புக் கட்டியில் ஒட்டி, நிமிடத்துக்கு ஒரு கெல்வினுக்கு மேல் போகாதே.

இனி நம்ம கடல். குளிர்ந்த வில்லையை வெளியே எடுத்ததும் குப்பென்று வேர்க்கும். ஈரம் பட்டால் பேரியம் வெளியேறி ஹைட்ராக்சைடாகும், காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து வெள்ளையாகப் பூக்கும். நீ “சில்வர் பெயின்ட் மட்டம்” என்று திட்டினாயே, பெயின்ட் பாவம், அந்தப் பூப்புதான் காரணம். குழாய்க்குள்ளேயே நைட்ரஜன் ஆவியில் வைத்து அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்த பிறகு திற. பழைய வில்லையை மெல்லிய உப்புத்தாளில் தேய்த்து, பெயின்ட் வைத்து, ஆக்சிஜனில் 450 டிகிரியில் சுட்டு மெதுவாக ஆறவிடு. குறைத்த வில்லைக்கு மட்டும் இந்தச் சூடு ஆகாது, ஆக்சிஜன் திரும்ப ஏறிவிடும். அதற்குச் சுடாத பெயின்ட்தான், கொஞ்சம் தடை கூடினாலும் மின்னோட்டத்துக்கு இரண்டு, வோல்டேஜுக்கு இரண்டு என்று நான்கு முனை வைப்பதால் தாங்கும். இந்த வாடைக்காற்றில் சிலிக்கா ஜெல் சீக்கிரம் நீலம் மாறி ரோஸ் ஆகிவிடும். 120 டிகிரியில் வறுத்துத் திரும்பப் போடு.

பையன்களிடம் போஸ்டர் தலைப்பை மாற்றச் சொல். செம்புக் கோட்டையும் பக்கத்தில் போட்டால் பார்க்க வருகிறவர்களே கேள்வி கேட்பார்கள். சிலிக்கா ஜெல் ஒரு டப்பா இராமநாதபுரம் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். டப்பாவைத் திருப்பி அனுப்பு, போன தடவை அனுப்பியதே இன்னும் உன் வீட்டு ஊறுகாயில் இருக்கிறது என்று கேள்வி.

அன்புடன்,
உன் மச்சான்