தக்கை பைப்பைத் தூக்கிப் போட்டுவிடாதே

அன்புள்ள ராகவா,

உன் கடிதம் கிடைத்தது. தம்பிக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசு லேசாயிற்று. இங்கே எல்லோரும் நலம்.

கடிதத்தின் பின்பாதியில் மக்காச்சோளத் தக்கை பைப்பைப் பற்றி எழுதியிருந்தாயே, அதற்குத்தான் இந்த நீண்ட பதில். மரம் கருகிய ருசி வருகிறது, பாதியிலேயே களக் களக் என்று சத்தம் போடுகிறது, அடியில் கொஞ்சம் புகையிலை எரியாமலே தங்கிவிடுகிறது, அதனால் பழையபடி பிரையர் என்ற கெட்டி மரத்துப் பைப்புக்கே திரும்பிவிடப் போகிறேன் என்கிறாய். நீ சொல்லும் மூன்று குறைகளும் உண்மை. ஆனால் மூன்றுக்கும் தெளிவான காரணம் இருக்கிறது, மூன்றையும் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். விலை குறைந்த பொருள் என்பதால் அதைப் பாதியில் கைவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நன்றாகப் பழக்கினால் தக்கை பைப் பல வருஷம் உழைக்கும்.

முதலில் அந்தத் தக்கை என்ன பொருள் என்று பார். மணியை உதிர்த்துவிட்டுக் குறுக்கே அறுத்தால் மூன்று வளையம் தெரியும். நடுவில் மெத்தென்ற சோறு, அதைச் சுற்றிக் கட்டையாக ஒரு வளையம், வெளியே மணிகள் உட்கார்ந்திருந்த குழிகளும் உமியும். நடுச்சோற்றைத் துளையிட்டு எடுத்துவிட்டால் அந்த இடம்தான் கிண்ணம். சூட்டைத் தாங்குவது நடு வளையம். அது மரம் மாதிரி கெட்டியாக இருந்தாலும் உள்ளே நுண்துளைகள் நிறைந்தது. புகையில் வரும் ஈரத்தை அந்தத் துளைகள் உறிஞ்சிக்கொள்கின்றன, பிறகு சீக்கிரம் வெளியே விட்டுவிடுகின்றன. தக்கை பைப்பின் நல்ல குணமெல்லாம் இந்த ஒரே இடத்திலிருந்து வருகிறது. அதன் பலவீனமும் இதே இடத்திலிருந்துதான்: மென்மையானது, சுரண்டினால் பிய்யும், ஊறவைத்தால் உப்பும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

இந்தத் தொழிலுக்குத் தலைநகரம் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், மிசூரி ஆற்றங்கரையில் இருக்கும் வாஷிங்டன் என்ற சின்ன ஊர். நெதர்லாந்திலிருந்து அங்கே குடியேறிய மரக்கடைசல்காரர் ஹென்றி டிபி 1869-இல் தொடங்கிய தொழில் அது. வெறும் தக்கையைக் கடைந்தால் வெளிப்புறக் குழிகள் அப்படியே நிற்கும், பிடிக்க உறுத்தும், அந்தப் பக்கம் சுவரும் மெலிந்திருக்கும். அவர் அந்தக் குழிகளைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கலவையால் நிரப்பி, காயவைத்துத் தேய்த்து வழவழப்பாக்கும் முறையைக் கண்டுபிடித்து 1878-இல் காப்புரிமை வாங்கினார். லேசாகவும் குளிர்ச்சியாகவும் புகைப்பதில் மீர்ஷாம் கல் பைப்பை ஒத்திருக்கிறது என்பதால் ‘மிசூரி மீர்ஷாம்’ என்று பெயர் வைத்தார். 1907 முதல் கம்பெனியின் பெயரே அதுதான். இன்றும் அதே ஊரில் செய்கிறார்கள்.

கம்பெனி தனக்கென்று சோளம் விளைவிக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. இப்போது வயலில் விளையும் சாதாரண மக்காச்சோளத்தில் மணி அதிகம், தக்கை ஒல்லி. அறுவடை இயந்திரத்துக்கும் விளைச்சலுக்கும் அதுதான் வசதி. அந்த ஒல்லித் தக்கையில் கிண்ணம் குடைந்தால் சுவருக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே மிசூரி பல்கலைக்கழகம் உருவாக்கிய, தடித்த தக்கையுள்ள கலப்பின ரகத்தைப் பயிரிடுகிறார்கள். அறுவடைக்குப் பிறகு சுமார் இரண்டு வருஷம் காயப்போட்டுத்தான் தக்கையை இயந்திரத்துக்குக் கொண்டுவருகிறார்கள். தோட்டத்துத் தக்கையில் நாமே ஒன்று குடைந்துவிடலாமே என்று கேட்டிருந்தாய். புதுத் தக்கை காயக் காயச் சுருங்கி வெடிக்கும், சுவரும் சீக்கிரம் எரிந்து ஓட்டையாகும். அந்த வேலை வேண்டாம்.

சரி, உன் பைப்புக்கு வருகிறேன்.

கருகிய ருசி தக்கையிலிருந்து வருவதில்லை. நல்ல வெளிச்சத்தில் கிண்ணத்துக்குள் பார். பக்கவாட்டில் சொருகிய மரத் தண்டின் நுனி சில மில்லிமீட்டர் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். பூச்சு எதுவும் இல்லாத வெறும் மரம் அது. நெருப்பு அடிக்கு இறங்கும்போது அந்த நுனி கருகுகிறது, அதன் ருசிதான் உன் நாக்குக்கு வருகிறது. ஐந்தாறு தடவை புகைத்தால் நுனி முழுக்கக் கரியாகி மேலே படிவும் ஏறி ருசி அடங்கிவிடும். அதுவரை கடைசிப் பகுதியில் நெருப்பை அணையவிட்டு நிறுத்திக்கொள்வது ஒரு வழி. இன்னொரு வழி, அந்த நுனியை மூடுவது. அதே வேலையில் உன் மூன்றாவது குறையும் தீர்ந்துவிடும் என்பதால் இதைத்தான் நான் சிபாரிசு செய்வேன்.

தண்டின் துளை கிண்ணத்தின் தரையைத் தொடாமல் சற்று மேலே திறக்கிறது. துளைக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் காற்று ஓடுவதில்லை. அங்கே விழுந்த புகையிலை எரியாது, மேலிருந்து இறங்கும் ஈரத்தை வாங்கிக்கொண்டு நசநசத்துக் கிடக்கும். அந்தப் பள்ளத்தைத் தூர்த்துவிட வேண்டும். சுருட்டுச் சாம்பல் ஒன்றிரண்டு ஸ்பூன் எடுத்துச் சலித்து, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழைத்துக்கொள். கெட்டியான பசை பதம் வேண்டும், வழிந்து ஓடக் கூடாது. முதலில் வாய்க்குழல் வழியாக ஒரு பைப் கிளீனரை, அதாவது பஞ்சு சுற்றிய வளையும் கம்பியை, செலுத்தி அதன் நுனி கிண்ணத்துக்குள் எட்டிப் பார்க்கும்படி வை. இதை மறந்தால் துளை அடைத்துக்கொள்ளும். பிறகு குச்சியின் மழுங்கிய முனையால் பசையைத் தரையில் அப்பி, துளையின் கீழ்விளிம்பு வரை சமன் செய். நீட்டிக்கொண்டிருக்கும் தண்டின் மேலும் பக்கத்திலும் மெல்லியதாக ஒரு பூச்சு கொடு. கிளீனரை மெதுவாகச் சுழற்றி உருவிவிட்டு இரண்டு நாள் நிழலில் காயவிடு. வெயிலில் வைத்தால் வெடிப்பு விழும். காய்ந்துவிட்டதா என்று தெரியாவிட்டால் இன்னும் ஒரு நாள் விடு. ஈரத்தோடு பற்றவைத்தால் பசை உதிர்ந்து துளைக்குள் போகும். அதுவரை பிரையரை எடுத்துக்கொள்.

சத்தத்துக்குக் காரணம் வேறு. உன் வாய்க்குழலுக்குள் 6 மி.மீ. காகித ஃபில்டர் உட்காரும் இடம் இருக்கிறது. இழுப்பு இறுக்கமாக இருக்கிறது என்று ஃபில்டரை எடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். எடுத்தது தப்பில்லை, நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த இடம் இப்போது காலி அறை. குறுகிய துளையில் வந்த சூடான புகை அங்கே விரிந்து குளிர்கிறது, நீராவி தண்ணீராகிறது, அது தேங்கிச் சத்தம் போடுகிறது. ஆகவே ஃபில்டர் இல்லாமல் புகைப்பதென்றால் கிளீனர் பக்கத்திலேயே இருக்கட்டும். களக் என்று கேட்டதும் பைப்பைக் கழற்றாமல் கிளீனரைக் கிண்ணம் வரை செலுத்தி, ஒரு நிமிஷம் அப்படியே விட்டு உருவு. ஃபில்டர் போட்டால் ஒன்றிரண்டு தடவைக்கு மேல் வைக்காதே. ஊறிய காகிதம் புளித்த நாற்றம் அடிக்கும். அந்த ஃபில்டர் ஈரத்துக்கு மட்டும்தான், புகையின் கெடுதலை அது எடுத்துவிடுவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஈரத்தின் பாதி புகையிலையிலிருந்தே வருகிறது. டப்பாவைத் திறந்ததும் அப்படியே நிரப்பாதே. ஒரு சிட்டிகையை விரலிடுக்கில் நசுக்கிவிடு. கட்டியாக ஒட்டிக்கொண்டால் ஈரம் அதிகம். மெதுவாகப் பிரிந்து விரிந்தால் பதம். பொடிந்தால் காய்ந்துவிட்டது. ஈரமாக இருந்தால் ஒரு கிண்ணத்துக்கு வேண்டிய 2, 3 கிராமைக் காகிதத்தில் பரப்பி 15 நிமிஷம், பட்டையாக வரும் ஃபிளேக் என்றால் உதிர்த்து அரை மணி நேரம் விடு. வாசனை ஏற்றிய வகைகளில் புரொப்பிலீன் கிளைக்கால் சேர்த்திருப்பார்கள். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எவ்வளவு காயவைத்தாலும் பிசுபிசுப்பு போகாது. அந்த மாதிரிப் புகையிலைதான் அதிகம் களகளக்கும், நாக்கையும் சுடும்.

நிரப்பும்போது முதலில் தளரக் கொட்டி, கிண்ணத்தை லேசாகத் தட்டு, அழுத்தவே வேண்டாம். அடுத்த அடுக்கை மெதுவாக அமுக்கு. மேல் அடுக்கைக் கொஞ்சம் அழுத்தமாக. பற்றவைக்காமல் இழுத்துப் பார்த்தால் உறிஞ்சுகுழலில் இளநீர் குடிப்பது போல லேசான தடை தெரிய வேண்டும். தடை அதிகமானால் அமுக்கிச் சரிசெய்யப் பார்க்காதே, கொட்டிவிட்டு மறுபடி நிரப்பு. முதல் நெருப்பில் புகையிலை உப்பி மேலே வரும், அதை மட்டப்படுத்திவிட்டு இரண்டாவது தடவை பற்றவை. ஜெட் லைட்டரைத் தக்கைக்குப் பக்கத்திலேயே கொண்டுவராதே. அது விளிம்பைக் கருக்கும், வெளிப்பூச்சைக் கொப்பளிக்க வைக்கும். தீக்குச்சியே போதும், கந்தகம் எரிந்து தீர்ந்த பிறகு.

கரிப்படிவு விஷயத்தில் பிரையர் பழக்கத்தை இங்கே கொண்டுவராதே. பிரையருக்கு முதலில் படிவு ஏற்றிப் பழக்க வேண்டும் என்பார்கள். தக்கைக்கு அந்தச் சடங்கு வேண்டாம், முதல் நாளே முழுக் கிண்ணம் புகைக்கலாம். படிவு ஒரு மில்லிமீட்டர் சேர்ந்தால் போதும். தடித்துப்போனால் கத்தியோ, கரி சுரண்டும் ரீமரோ வேண்டாம். அது கரியோடு தக்கையின் நாரையும் பிய்த்துவிடும், பிய்ந்த இடத்தில்தான் பிறகு நெருப்பு வெளியே ஊடுருவும். புகைத்து ஆறிய பின் மடித்த காகிதத் துண்டை உள்ளே விட்டுச் சுழற்று, மீந்த சாம்பல் வந்துவிடும், படிவு மெல்லியதாகவே நிற்கும்.

வெளிச் சுவரில் ஒரு இடம் மட்டும் கை வைக்க முடியாமல் சுடுகிறதா, அங்கே பழுப்புத் திட்டு தெரிகிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள். வேகமாக இழுப்பது, காற்றடிக்கும் இடத்தில் புகைப்பது இரண்டும் இதற்குக் காரணம். உடனே அணையவிடு. ஆறிய பிறகு அந்த இடத்தை விரலால் அமுக்கினால் கெட்டியாக இருந்தால் உள்ளே அதே சாம்பல் பசையை அப்பிக் காப்பாற்றிவிடலாம். பொதபொதவென்று அமுங்கினால் அந்தப் பைப்பின் ஆயுள் முடிந்தது.

இன்னும் இரண்டு விஷயம். சூடாக இருக்கும்போது வாய்க்குழலை உருவாதே. சூட்டில் தண்டு உப்பி வாய்க்குழலை இறுக்கிப் பிடித்திருக்கும், நீ இழுக்கும் விசையில் தண்டே கிண்ணத்தை விட்டு அசைந்துவிடும். நன்றாக ஆறியபின் தண்டைப் பிடித்துக்கொண்டு, ஒரே திசையில் திருகியபடி எடு. சாம்பலைக் கொட்ட மேஜை விளிம்பில் தட்டுவதும் அப்படித்தான், உடைவது எப்போதும் தண்டும் கிண்ணமும் சேரும் இடம். குச்சியால் கிளறிக் கவிழ்த்தால் போதும்.

கழுவுவது கூடவே கூடாது. தண்டுக்குள் பிசின் படிந்தால் ரம்மோ வோட்காவோ ஒன்றிரண்டு சொட்டு நனைத்த கிளீனரை ஓட்டிவிட்டு, அடுத்து உலர்ந்த கிளீனரால் துடை. கடையில் கிடைக்கும் மெத்திலேட்டட் ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம், அதில் மெத்தனால் விஷம் கலந்திருக்கும். கிண்ணத்துக்குள் எந்தச் சாராயமும் ஊற்றாதே. தக்கை குடித்துக்கொள்ளும், பிளாஸ்டர் பூச்சும் பெயரும்.

இதெல்லாம் செய்தபிறகு தக்கையின் சிறப்பு உனக்குத் தெரியும். லேசு, பல்லில் கவ்வி வைத்திருந்தாலும் தாடை வலிக்காது. சீக்கிரம் உலர்ந்துவிடும், ஆனாலும் ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் ருசி சுத்தமாக இருக்கும். எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிதாகப்படுவது, புதுப் புகையிலையைச் சோதிக்க அது காட்டும் நேர்மை. பிரையரில் லட்டாகியா என்ற புகையூட்டிய புகையிலையைப் புகைத்தால் அதன் புகைவாடை மாதக்கணக்கில் மரத்திலேயே நிற்கும். அதே பைப்பில் வெர்ஜீனியா வகைப் புகையிலையைப் போட்டால் எது எதன் ருசி என்று தெரியாது. தக்கையில் வாடை அவ்வளவு ஒட்டுவதில்லை. ஒட்டினாலும் விலை குறைவு என்பதால் லட்டாகியாவுக்கு ஒன்று, வாசனை வகைக்கு ஒன்று என்று பிரித்து வைத்துக்கொள்ளலாம். பர்லி வகைப் புகையிலைக்கு இதைவிடப் பொருத்தமான பைப் கிடையாது என்பது என் முடிவான அபிப்பிராயம். அதன் கொட்டைப்பருப்பு ருசியும் தக்கையின் லேசான இனிப்பும் நன்றாகச் சேர்கின்றன.

உயரமான கிண்ணமுள்ள மாடல் வாங்கலாமா என்று கேட்டாய். அமெரிக்க ஜெனரல் மெக்ஆர்தர் 1945 ஆகஸ்ட் 30 அன்று ஜப்பானில் அட்சுகி விமானதளத்தில் வந்து இறங்கியபோது வாயில் இருந்த தக்கை பைப்பின் படத்தைப் பார்த்திருப்பாய், அந்த மாதிரி. ஆசை புரிகிறது. ஆனால் ஆழம் கூடக் கூட அடிப்பாகத்தில் ஈரமும் பிசினும் சேரும், கடைசிக் கால்பங்கு கசக்கும். 2 செ.மீ. அகலம், 4 செ.மீ.க்குள் ஆழம், அடியில் மரக்கட்டை அடைத்த மாடலாகப் பார்த்து வாங்கு. அடி தேய்ந்து ஓட்டையாகும் பயம் குறைவு.

மற்றபடி, பைப் புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய்க்கும் தொண்டைக்கும் புற்றுநோய் ஆபத்து உண்டு, எந்தப் பைப்பும் அதை மாற்றிவிடாது. நீ தினம் ஒரு கிண்ணத்தோடு நிறுத்திக்கொண்டதாக எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். வாயில் ஆறாத புண் எதுவும் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் டாக்டரிடம் காட்டத் தள்ளிப்போடாதே.

பசை காய்ந்து, நாலைந்து கிண்ணம் புகைத்த பிறகு கருகல் ருசி போய்விட்டதா என்று எழுது. போகவில்லை என்றால் தண்டின் நுனி எவ்வளவு நீளம் உள்ளே நிற்கிறது என்று அளந்து அதையும் எழுது, வெட்டிக் குறைக்கலாமா என்று பார்க்கலாம். தம்பியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சிவா