ஃப்ரீடவுனில் இருக்கும் முத்துவுக்கு

கல்லிடைக்குறிச்சி

அன்புள்ள முத்து,

உன் கடிதம் கிடைத்தது. அந்த ஊர் வெக்கை மதினிக்கு ஒத்துக்கொண்டதில் சந்தோஷம். இங்கே பிசான அறுப்பு முடிந்துவிட்டது. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் தாராளமாக வந்தது, விளைச்சலுக்குக் குறைவில்லை. விலைதான் வழக்கம்போல்.

மகன் வீட்டு மாடியிலிருந்து நீ பார்க்கும் கல் உடைக்கிற சிறுமியைப் பற்றி எழுதியிருந்தாய். சியரா லியோன் என்றால் இங்கே வைரமும், துப்பாக்கி தூக்கிய சிறுவர்களும்தான் நினைவுக்கு வரும். 1991-இல் தொடங்கிய உள்நாட்டுச் சண்டை 2002-இல் ஓய்ந்தது. இவள் அதற்கு வெகுகாலம் பின்னால் பிறந்தவள். ஆனாலும் சுத்தியல் அவள் கையில் இருக்கிறது. உயிருக்குப் பயந்து தலைநகரான உங்கள் ஃப்ரீடவுனுக்கு ஓடிவந்த குடும்பங்கள் பல, ஊர் திரும்ப வழியில்லாமல் மலைச்சரிவிலேயே தங்கிவிட்டன. அங்கே கையெட்டும் பிழைப்பு கல்தான்.

சிறுவர் படையினரை மீட்டு மறுவாழ்வு கொடுத்தபோதும் பெண் பிள்ளைகள் மிகச் சிலரே அதில் சேர்க்கப்பட்டார்கள். சேர வந்தவர்களிடம் பெரும்பாலும் துப்பாக்கியைத்தான் கேட்டார்கள். காட்டுக்குத் தூக்கிச் செல்லப்பட்டு, கைக்குழந்தையோடு திரும்பியவளிடம் ஒப்படைக்கத் துப்பாக்கி ஏது? பிறகு 2014-இல் எபோலா என்ற கொள்ளைநோய் வந்து பள்ளிகளை மாதக்கணக்கில் மூட வைத்தது. திறந்தபோது, கர்ப்பமான மாணவிகள் வகுப்புக்கு வரக் கூடாது என்று 2015-இல் தடை போட்டார்கள். நீக்கியது 2020-இல்தான். பிள்ளையைக் கொடுத்தவன் எந்தப் பள்ளிக்கும் போய்வரலாம், சுமப்பவள் கூடாது! நம் ஊர்ப் பஞ்சாயத்துத் திண்ணையே தோற்றது, போ.

2018 முதல் அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லையே, அப்படியும் அவள் ஏன் போகவில்லை என்று கேட்டிருக்கிறாய். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. 1982-இல் நான் வேலைக்குச் சேர்ந்த பள்ளியிலும் கட்டணம் கிடையாது. பிள்ளைகளைப் பிடித்து வைத்திருந்தது பீடித் தட்டு. தாய் இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி நூல் கட்டுவாள். முனையை மடக்கி அடைப்பது சின்ன விரல்களின் வேலை. நோட்டைத் திருத்த வாங்கினால் புகையிலை வாடை அடிக்கும். அந்த ஜூலையில் சத்துணவு வந்தது. பதிவேட்டில் பெயராக மட்டும் இருந்தவர்கள் அலுமினியத் தட்டும் கையுமாக வந்து நின்றார்கள். சாயங்காலப் பீடி நின்றுவிடவில்லை. பகல் மட்டும் எங்களுக்குக் கிடைத்தது. அதுவே பெரிய காரியம்.

ஆகவே கட்டணத்தை விடு, சோற்றைப் பற்றி விசாரி. அந்தப் பள்ளியில் மதியம் ஏதாவது போடுகிறார்களா? வாத்தியாருக்குச் சம்பளம் வருகிறதா என்றும் பார். அந்த நாட்டில் அரசுச் சம்பளப் பட்டியலில் ஏறாமலே, ஊரார் கொடுப்பதை வைத்துக் காலம் தள்ளும் ஆசிரியர்கள் நிறையப் பேர். பசித்த வாத்தியார் பசித்த பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுப்பார்?

பணம் திரட்டலாமா என்று கேட்டாயே, நானும் தருகிறேன். ஆனால் பை, சீருடை என்று வாங்கிக் கொடுத்துப் படம் எடுக்காதே. ஒரு குவியல் ஜல்லிக்கு லாரிக்காரன் என்ன கொடுக்கிறான் என்று கேள். அவள் பள்ளிக்குப் போகும் நாளுக்கு அந்தக் கூலியைத் தாயிடம் கொடுத்துவிடலாம். மாதம் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டு எழுது. விசாரிக்க நீ போகாதே, தாசில்தார் மாதிரி நிற்பாய். மதினியை அனுப்பு.

அவர் கேட்ட அப்பளம் அடுத்த வாரம் உன் மகனின் நண்பர் கையில் வருகிறது.

அன்புடன்,
சங்கரன்